‘மனசு வரல’ என்பதற்கு ஓர் ஆங்கிலச் சொல்: ‘ரிலக்டன்ட்’டை முழுதாகக் கற்கும் முறை

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப் பட்டணத்தில் வளரும் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைப்பேசித் திரையில் கொஞ்சம் ஆங்கிலம். படிவம் ஐந்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். பொதுத் தேர்வு நெருங்கியதும் டியூஷனில் இருபது ஆங்கிலப் பெயரடைகளைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தமிழிலோ மலாயிலோ ஒற்றைச் சொல்லில் பொருள் இருக்கும். வெள்ளிக்கிழமை சோதனை. ‘ரிலக்டன்ட் என்றால் தயக்கமான’ என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அதே பிள்ளை அடுத்த மாதம் கட்டுரையில் ‘ஹி இஸ் எ ரிலக்டன்ட் பாய்’ என்று எழுதும். கூச்ச சுபாவமுள்ள பையன் என்று சொல்வதாக அதற்கு நினைப்பு. படிக்கிற ஆசிரியருக்கோ எதைச் செய்ய மனமில்லாத பையன் என்று தெரியாமல் வாக்கியம் பாதியில் நிற்கும்.

இங்கே சொல்லப்போவது ஒரே ஒரு சொல்லைப் பற்றி. பதினைந்து நாளில், மொத்தம் 100 நிமிடத்தில், ‘ரிலக்டன்ட்’டைக் கேட்டால் புரியும், எழுதினால் பிழை வராது, பேசும்போது தானாக வாயில் வந்து விழும் என்ற நிலைக்குக் கொண்டுவரலாம். வாரத்துக்கு இருபது சொல் படிப்பதைவிட இது மெதுவான வழிதான். ஆனால் ஒரு சொல்லை இப்படிப் படித்தவர்கள் அடுத்த சொல்லை எங்கே பிடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே படித்துவிடுகிறார்கள்.

வேண்டியவை கொஞ்சம்தான்: அஞ்சலட்டை அளவில் ஒரு கெட்டி அட்டை, பென்சில், குரல் பதிவு செய்யக்கூடிய கைப்பேசி, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஆங்கிலம் கற்போருக்கான அகராதி ஏதாவது ஒன்று. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மேன் மூன்றிலும் உச்சரிப்பைக் கேட்கலாம், எடுத்துக்காட்டு வாக்கியங்களும் உண்டு. மொழிபெயர்ப்புச் செயலியை மட்டும் நம்ப வேண்டாம். அது ஒரு சொல்லுக்கு ஒரு சொல்லைத்தான் நீட்டும். இந்தச் சொல்லில் சிக்கலே அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் தமிழில் பிடியுங்கள்

‘தயக்கம்’ என்ற சொல்லைக் கொஞ்ச நேரம் ஒதுக்கி வையுங்கள். தோட்டத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம்.

லயத்து வீட்டை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டை, காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் தாமானில் (புதுக் குடியிருப்புப் பகுதியில்) வீடு வாங்கிவிட்டார்கள். புதன்கிழமை காலையில் லோரி வந்து நிற்கிறது. பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போயாயிற்று, சாமிப்படங்களைச் சேலையில் சுற்றி மேலே வைத்தாயிற்று. பாட்டி மட்டும் இன்னும் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் நாற்பது வருடமாக அவர் தண்ணீர் ஊற்றிய துளசிமாடம். போகத்தான் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். ‘வரமாட்டேன்’ என்று அவர் சொல்லவில்லை. எழுந்திருக்க மனசு வரவில்லை.

அந்த ‘மனசு வரல’தான் ரிலக்டன்ட். ‘கிராண்ட்மா இஸ் ரிலக்டன்ட் டு லீவ்.’

இந்தக் காட்சிக்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன, மூன்றும் சேர்ந்திருந்தால்தான் சொல் பொருந்தும். செய்ய வேண்டிய ஒரு காரியம் எதிரே நிற்கிறது. அதைச் செய்ய உள்ளே விருப்பமில்லை. ஆனாலும் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை, கடைசியில் அந்த ஆள் செய்யவும் கூடும். மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். ‘ரிலக்டன்ட்’ என்று கேட்டதும் ஆங்கிலேயர் மனசில் ‘இன்னும் கொஞ்சம் பேசினால் ஒத்துக்கொள்வார்போல’ என்ற எண்ணமும் வந்துவிடும்.

சொல் பிறந்த விதமும் இதற்கு ஒத்தாசை. லத்தீனில் ‘லுக்தாரி’ என்றால் மல்லுக்கட்டுவது. முன்னால் வரும் ‘ரெ’ எதிர்ப்பைக் காட்டுகிறது. எதிர்த்து மல்லுக்கட்டுதல் என்பதுதான் வேர்ப்பொருள். பாட்டி யாரோடும் சண்டை போடவில்லை, மல்லுக்கட்டு அவர் மனசுக்குள்தான். இதை அட்டையின் மூலையில் ஒரு வரியாக எழுதி வையுங்கள். பொருள் மறந்துபோகும் நாளில் இந்த வரி திரும்பக் கொண்டுவந்து கொடுக்கும்.

மலாயில் யோசித்துப் பழகிய பிள்ளைகள் ‘எங்கான்’ என்று சொல்லிக்கொள்வார்கள். அது மறுப்புப் பக்கம் சாய்ந்த சொல். ‘பெராட் ஹாத்தி’ என்பதே நெருக்கம். ஆனால் அதை அப்படியே ஆங்கிலத்தில் ‘கனத்த இதயம்’ என்று பெயர்த்து எழுதிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் அந்தத் தொடர் துக்கத்தைச் சொல்கிறது. இறுதிச் சடங்குக்குப் பொருந்தும், டியூஷனுக்குப் போக மனமில்லாததற்குப் பொருந்தாது.

வாயில் வர வைப்பது

மூன்று அசை: ரி, லக், டன்ட். நடு அசையில்தான் அழுத்தம். தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுத்துப் பேசுகிறோம். அந்தப் பழக்கத்தில் ‘ரி-லக்-டன்ட்’ என்று மூன்றையும் சமமாகத் தட்டினால், ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் ஒரு நொடி முழிப்பார். ‘லக்’ வரும்போது மேசையில் ஒரு தட்டு தட்டுங்கள். முதல் அசை ‘ரி’ குறிலாகவே இருக்கட்டும், ‘ரீ’ என்று இழுக்க வேண்டாம். கடைசி அசையில் உயிரொலி கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். ட-வுக்கும் ன்-னுக்கும் நடுவே ஒரு மூச்சு மட்டும் இருக்கும்.

‘க்ட்’ என்ற சேர்க்கை நமக்குப் புதிதில்லை, ‘டாக்டர்’ என்று தினமும் சொல்கிறோம். கடைசியில் வரும் ‘ன்ட்’தான் இரண்டு வகையில் கெடுகிறது. மலாய் பேசிப் பழகிய நாக்கு, சொல் முடிவில் இரண்டு மெய்கள் சேர்ந்து வந்தால் பின்னதை விழுங்கிவிடும். அப்போது ‘ரிலக்டன்’ என்று நின்றுவிடும். தமிழ் நாக்குக்கோ சொல்லை மெய்யில் நிறுத்தப் பிடிக்காது. பஸ்ஸு, லைட்டு, டிக்கெட்டு என்று ஓர் உகரம் சேர்த்து ‘ரிலக்டன்ட்டு’ ஆக்கிவிடும். கொரிய நாடகம் பார்க்கிற பிள்ளைகளுக்கு இது ஒரு ஆறுதல்: கொரியர்களுக்கும் இதே தொல்லை. ஆங்கிலச் சொல் முடிவில் அவர்களும் ஒரு குறில் உயிரொலி சேர்த்து, கடைசி ‘ட்’டைத் தனி அசையாக்கிவிடுகிறார்கள்.

இதற்குத் திருத்தம் எளிது. பின்னால் ‘டு’ வரும்போது இரண்டு ட-வும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும்: ‘ரிலக்டன்ட்-டு’. நாக்கை ‘ட்’டில் ஒரு கணம் நிறுத்தி, எடுக்காமல் அப்படியே ‘டு’வுக்குப் போங்கள். சொல்லைத் தனியாக நூறு தடவை சொல்வதைவிட ‘ரிலக்டன்ட் டு கோ’, ‘ரிலக்டன்ட் டு ஆஸ்க்’, ‘ரிலக்டன்ட் டு லீவ்’ என்று ஒவ்வொன்றையும் பத்துத் தடவை சொல்வது மேல். கைப்பேசியில் பதிவு செய்து அகராதிக் குரலோடு ஒப்பிடுங்கள். தமிழ் வாடை இருந்தால் இருக்கட்டும், அது குறையே இல்லை. நடு அழுத்தமும் கடைசி ‘ட்’டும் கேட்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

எழுத்துக் கூட்டல்: ஆர், ஈ, எல், யூ, சி, டி, ஏ, என், டி. ஒன்பது எழுத்து. கடைசி உயிரெழுத்தில் ‘ஏ’வுக்குப் பதில் ‘ஈ’ போடுவதுதான் வழக்கமான பிழை. கடைசி மூன்று எழுத்தும் சேர்ந்தால் ஆங்கிலத்தில் எறும்பு. போக மனமில்லாமல் வாசலில் நிற்கிற ஓர் எறும்பை அட்டையில் வரைந்துவிட்டால் ‘ஏ’ மறக்காது. எறும்பு எழுதுவதற்கு மட்டும்தான். பேசும்போது அதை முழுதாக உச்சரித்தால் அழுத்தம் கடைசி அசைக்குத் தாவிவிடும்.

வாக்கியத்தில் உட்கார வைப்பது

தமிழ் பேசுவோருக்கு இந்தச் சொல்லில் வரும் பிழைகள் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் நம் மொழிக்குள்ளேயே காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் பிழையை மறுபடி செய்ய மாட்டோம்.

தமிழில் ‘பாட்டிக்கு மனசு வரல’ என்கிறோம். பாட்டிக்குப் பக்கத்தில் ‘கு’ உருபு நிற்கிறது. வாக்கியத்தின் எழுவாய் மனசு. ஆங்கிலத்தில் பாட்டியே எழுவாய், அவர்தான் ரிலக்டன்ட்டாக இருக்கிறார். ‘கு’வைக் கூடவே தூக்கிக்கொண்டு போகிற பிள்ளை ‘இட் இஸ் ரிலக்டன்ட் ஃபார் கிராண்ட்மா டு லீவ்’ என்று எழுதும். ‘டிஃபிகல்ட்’டுக்கு அந்த அமைப்பு சரி. ரிலக்டன்ட்டுக்கு ஒருபோதும் சரியில்லை. மனசு உள்ளவர் யாரோ அவரை வாக்கியத்தின் முதலில் நிறுத்துங்கள்.

அடுத்தது இதைவிட மோசமானது. ‘மனசு வரல’ என்பதில் கடைசி ‘ல’ எதிர்மறை. ஆங்கிலச் சொல்லில் அந்த எதிர்மறை ஏற்கெனவே உள்ளே அடங்கியிருக்கிறது. தமிழில் யோசித்துக்கொண்டே எழுதும்போது கை தானாக ஒரு ‘நாட்’ போட்டுவிடும்: ‘ஷி இஸ் நாட் ரிலக்டன்ட் டு லீவ்’. இதற்குப் பொருள் ‘அவருக்குப் போவதில் தயக்கமே இல்லை’ என்பது. பாட்டியைச் சிரித்துக்கொண்டே லோரியில் ஏற்றிவிட்டீர்கள். இன்னொருவர் ‘ரிலக்டன்ட் நாட் டு லீவ்’ என்று எழுதுவார். அதுவும் தலைகீழ்தான், ‘போகாமல் இருக்க மனசு வரல’ என்றாகிவிடும். ரிலக்டன்ட் எழுதிய வாக்கியத்தில் ‘நாட்’ கண்ணில் பட்டால் நிறுத்தி இரண்டாம் முறை படியுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதிப் பிழையிலிருந்து காப்பாற்றிவிடும்.

மூன்றாவது, ‘இஸ்’ விட்டுப்போவது. ‘பாட்டி அழகு’ என்று சொல்ல நமக்கு ஒரு வினைச்சொல்லும் வேண்டாம். மலாயிலும் ‘டியா சந்திக்’ என்றால் போதும். கொரிய மொழியில் பெயரடையே வினை மாதிரி விகுதி ஏற்று வாக்கியத்தை முடித்துவிடும். ‘யெப்புதா’ என்ற ஒரே சொல்லுக்குள் ‘அழகாக இருக்கிறது’ முழுதும் அடக்கம். ஆகவே தமிழ்ப் பிள்ளையும் மலாய்ப் பிள்ளையும் கொரியப் பிள்ளையும் ஒரே மாதிரி ‘ஷி ரிலக்டன்ட் டு லீவ்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் இஸ், ஆம், ஆர், வாஸ், வேர் ஏதாவது ஒன்று, இல்லையென்றால் ‘சீம்ஸ்’, ‘ஃபீல்ஸ்’ மாதிரி ஒன்று முன்னால் நின்றே ஆகவேண்டும்.

பின்னால் வருவது ‘டு’. அதற்கும் பின்னால் வினையின் வெறும் வடிவம்: கோ, லீவ், ஆஸ்க், ஸ்பீக். ‘ரிலக்டன்ட் டு கோயிங்’ இல்லை, ‘ரிலக்டன்ட் ஃபார் கோயிங்’ இல்லை, ‘ரிலக்டன்ட் ஆஃப்’ என்று ஒன்று கிடையவே கிடையாது. நேற்று நடந்ததைச் சொல்லும்போதும் மாறுவது ‘இஸ்’ மட்டும்: ‘ஷி வாஸ் ரிலக்டன்ட் டு லீவ்.’ அங்கே ‘டு லெஃப்ட்’ என்று எழுதுவது படிவம் ஐந்திலும் நிற்காத பழக்கம். ‘டு’வுக்குப் பின்னால் காலம் நுழையாது என்று அட்டையில் சிவப்பில் எழுதுங்கள்.

மிகுதி காட்ட ‘வெரி’, குறைவு காட்ட ‘எ பிட்’, ஒப்பிட ‘மோர்’. ஆங்கிலப் பத்திரிகைகளில் அடிக்கடி வரும் இணைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: ‘அண்டர்ஸ்டாண்டப்லி ரிலக்டன்ட்’. அவர் மனசு வராமல் இருப்பதில் நியாயம் இருக்கிறது என்பது பொருள். பாட்டியைப் பற்றிச் சொல்லத் தகுந்த சொல் அதுதான். மனிதருக்கு மட்டுமில்லாமல் நிறுவனங்களுக்கும் இது பொருந்தும். நிரந்தர வருமானம் இல்லாதவருக்குக் கடன் கொடுக்க வங்கி ரிலக்டன்ட்டாக இருக்கும். காரில் ஏற மனமில்லாத நாய்க்கும் பொருந்தும். கிளம்ப மறுக்கும் மோட்டார் சைக்கிளுக்கு ஆங்கிலேயர் விளையாட்டாகச் சொல்வதுண்டு, தேர்வில் வேண்டாம்.

பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் வரும், ஆனால் எல்லாப் பெயரோடும் ஒட்டாது. ‘எ ரிலக்டன்ட் விட்னஸ்’ என்றால் சாட்சி சொல்ல மனமில்லாத சாட்சி. ‘எ ரிலக்டன்ட் ஸ்மைல்’ என்றால் சிரிக்கக் கூடாது என்று இருந்தும் உதட்டில் வந்துவிட்ட சிரிப்பு. எதற்கு மனமில்லை என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. ‘ரிலக்டன்ட் பாய்’ என்றால் அந்தப் பதில் எங்கேயும் இல்லை. முதலில் பார்த்த பிழை இதனால்தான். சந்தேகமாக இருந்தால் பெயருக்கு முன்னால் போடாமல் ‘டு’வோடு எழுதுங்கள். அது எப்போதும் சரியாக இருக்கும்.

அக்கம்பக்கத்துச் சொற்கள்

பாட்டியை வாசற்படியிலேயே உட்காரவைத்து, அவர் மனசை மட்டும் மாற்றிப் பார்ப்போம்.

தாமான் வீடு நல்லதா, பேரன் வேலை பார்க்கும் ஈப்போவுக்கே போய்விடலாமா என்று முடிவுக்கு வராமல் யோசிக்கிறார். அப்போது அவர் ‘ஹெஸிடன்ட்’. நம் ‘தயக்கம்’, மலாய் ‘ராகு-ராகு’ இரண்டும் இங்கேதான் நன்றாக உட்காருகின்றன. விவரம் சொன்னால் தெளிந்துவிடும் நிலை இது. ரிலக்டன்ட்டாக இருக்கும் பாட்டிக்கு விவரம் சொல்லிப் பயனில்லை, எல்லா விவரமும் அவருக்குத் தெரியும்.

‘லோரியைத் திருப்பி அனுப்பு, நான் வரமாட்டேன்’ என்று உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டால் ‘அன்வில்லிங்’. கதவு சாத்தியாயிற்று. இரண்டு சொல்லும் சில இடங்களில் ஒன்றையொன்று தொடும். ஆனாலும் மறுப்பின் பலம் அன்வில்லிங்கில்தான் அதிகம்.

கிளம்பிவிட்டார், ஆனால் ஒவ்வொரு பெட்டியை ஏற்றும்போதும் மருமகளைக் கரித்துக்கொட்டுகிறார். அது ‘கிரட்ஜிங்’, நம் வேண்டா வெறுப்பு. ரிலக்டன்ட்டில் கோபம் இருக்கவேண்டிய அவசியமில்லை. கிரட்ஜிங்கில் உண்டு.

பயந்தால் ‘அஃப்ரெய்ட்’. புது அக்கம்பக்கத்தாரிடம் பேசக் கூச்சப்பட்டால் ‘ஷை’. மலாயில் ‘செகான்’ என்று சொல்வோமே, அது இந்தப் பக்கத்து உறவு. கேட்டாலும் எதையும் வாய்விட்டுச் சொல்லாதவர் ‘ரெட்டிசென்ட்’. ஒலியில் ரிலக்டன்ட்டுக்கு அண்ணன் தம்பி மாதிரி இருப்பதால் பலரும் மாற்றி எழுதிவிடுகிறார்கள். ரெட்டிசென்ட் பேச்சைப் பற்றியது மட்டும் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

மலேசியாவில் ஒரு தனிப் பிழை உண்டு. ‘மாலாஸ் நாக் பெர்கி’ (போகச் சோம்பல்) என்ற மலாய்ப் பேச்சை அப்படியே பெயர்த்து ‘ஐ ஆம் லேஸி டு கோ’ என்று எல்லாரும் பேசுகிறோம். நமக்குள் புரிந்துவிடும், தேர்வுத் தாளில் பிழை. சோம்பலே காரணம் என்றால் ‘டூ லேஸி டு கோ’ என்று எழுதவேண்டும். சோம்பல் இல்லாமல் வேறு ஏதோ உறுத்துகிறது என்றால், ‘லேஸி’யை எடுத்துவிட்டு அதே இடத்தில் ‘ரிலக்டன்ட்’டைப் போடுங்கள். வாக்கிய அமைப்பு ஏற்கெனவே வாயில் இருப்பதால் இந்த மாற்றம் சுலபமாக நடக்கும். வகுப்பில் சொல்லிக்கொடுப்பவர்கள் இங்கிருந்தே தொடங்கலாம்.

இந்தச் சொல்லின் குடும்பத்தில் இன்னும் இரண்டு பேர். ‘ரிலக்டன்ட்லி’ வினையடை: மனமில்லாமல் எழுந்தார் என்பதில் ‘மனமில்லாமல்’ எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த இடம். இதைப் பயன்படுத்தினால் காரியம் நடந்துவிட்டது என்று பொருள். பாட்டி லோரியில் ஏறிவிட்டார். ‘ரிலக்டன்ஸ்’ பெயர்ச்சொல். மின்பொறியியல் படிக்கப் போகிறவர்கள் இதை இன்னோர் இடத்திலும் சந்திப்பார்கள். காந்தப் பாயத்துக்கு, அதாவது தன் ஊடே செல்லும் காந்தப்புலத்துக்கு, ஒரு பொருள் காட்டும் எதிர்ப்புக்கு ஆலிவர் ஹெவிசைட் 1888-இல் இந்தப் பெயரையே வைத்தார். இரும்பு ‘போ’ என்று சொல்லும் பாதையில் காற்று மல்லுக்கட்டுகிறது. வேர்ப்பொருள் அங்கேயும் மாறவில்லை.

அட்டையும் பதினைந்து நாளும்

அட்டையின் முன்பக்கத்தில் ஆங்கிலச் சொல்லை எழுதாதீர்கள். ‘லோரி வந்து நிற்கிறது. பாட்டிக்கு எழுந்திருக்க மனசு வரல’ என்று தமிழில் எழுதுங்கள். பின்பக்கம் நடுவில் சொல், ‘லக்’ அசைக்கு அடியில் கோடு. அதற்குக் கீழே முழு வாக்கியம். வலது மூலையில் எறும்பு, இடது மூலையில் ‘எதிர்த்து மல்லுக்கட்டு’. அடியில் சிவப்பில் மூன்று எச்சரிக்கை: ஆள் முதலில், நாட் வேண்டாம், டு-வுக்குப் பின் வெறும் வினை. இவ்வளவு போதும். அட்டை நிரம்பி வழிந்தால் கண் எதிலும் நிற்காது.

முதல் நாள் 40 நிமிடம். காட்சி, ஒலி, எழுத்து, அட்டை, அதோடு உங்கள் சொந்த வாழ்க்கையிலிருந்து ஐந்து வாக்கியம். சொந்த வாழ்க்கை என்பது முக்கியம். விடியற்காலை ஐந்து மணிக்கு எழ மனசு வராதது, அப்பாவிடம் காசு கேட்க மனசு வராதது, தோற்ற விளையாட்டைப் பற்றிப் பேச மனசு வராதது. அகராதி வாக்கியத்தைப் பார்த்து எழுதினால் நாளைக்கே மறந்துபோகும்.

இரண்டாம் நாள் 10 நிமிடம். முன்பக்கத்தை மட்டும் பார்த்து, வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லி, பிறகே திருப்பிப் பாருங்கள். திருப்பிப் பார்த்துவிட்டுச் சொல்வது பயிற்சியே இல்லை. நான்காம் நாள் மறுபடி 10 நிமிடம், இந்தத் தடவை பழைய ஐந்து வாக்கியத்தையும் ‘வாஸ்’ஸுக்கு மாற்றிச் சொல்லுங்கள். எட்டாம் நாள் 20 நிமிடம்: பாட்டியின் கதையை ஆங்கிலத்தில் ஆறு ஏழு வாக்கியத்தில் எழுதி, அதில் ரிலக்டன்ட், ரிலக்டன்ட்லி இரண்டும் ஒவ்வொரு தடவை வரவையுங்கள். பதினைந்தாம் நாள் கடைசி 20 நிமிடம்.

இடைவெளி இப்படிக் கூடிக்கொண்டே போவதற்குக் காரணம் இருக்கிறது. ஜெர்மானியர் எர்மன் எபிங்ஹாஸ் பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதலில் சடசடவென்று நடக்கிறது, போகப்போக மெதுவாகிறது. ஆகவே முதல் சில நாள் அடிக்கடி தொட வேண்டும், பிறகு தள்ளித்தள்ளித் தொட்டால் போதும். ஒரே இரவில் 100 நிமிடம் உட்கார்ந்தால் வெள்ளிக்கிழமை சோதனைக்கு நிற்கும், தேர்வு மாதத்துக்கு நிற்காது.

ஒரு நாள் தவறிப்போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். மறுநாள் விட்ட இடத்திலிருந்து போங்கள். வாக்கியம் வாயில் வரவில்லை என்றால் மட்டும் ஒரு படி பின்னால் போங்கள்.

ஆங்கிலம் பேச ஆள் இல்லையே என்பது தோட்டப் பட்டணத்தில் நியாயமான குறை. அதற்காக நிறுத்திவிட வேண்டாம். தங்கையிடமோ நண்பனிடமோ ‘உனக்கு இன்னைக்கு எதுக்கு மனசு வரல?’ என்று தமிழிலேயே கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதிலை நீங்கள் ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லுங்கள். சாப்பாட்டு மேசையில் ஐந்து நிமிடம் நடந்தால் போதும். பாட்டியும் சேர்ந்துகொண்டால் இன்னும் நல்லது, வாக்கியத்துக்குப் பஞ்சமே வராது.

தேர்வில்

எஸ்.பி.எம். ஆங்கில எழுத்துத் தாளில் நீண்ட கட்டுரை 200 முதல் 250 சொல். அதற்குள் ரிலக்டன்ட் ஒரு தடவை வந்தால் அழகு, மூன்று தடவை வந்தால் மனப்பாடம் என்று தெரிந்துவிடும். கதை எழுதினால் திருப்பம் வருவதற்குச் சற்று முன்னால் வையுங்கள். மனசு வராத ஆள் மனசு மாறும் இடம்தானே கதை. கருத்துக் கட்டுரையில் நிறுவனத்தையோ மக்களையோ எழுவாயாக்குங்கள்: நகரத்துப் பட்டதாரிகள் தோட்ட வேலைக்கு வர ரிலக்டன்ட்டாக இருக்கிறார்கள் என்பது போல.

பல்கலைக்கழக நுழைவுக்கான மலேசிய ஆங்கிலத் தேர்வான மியூவெட்டின் பேச்சுத் தேர்வில் குழு உரையாடல் உண்டு. எதிரில் இருப்பவர் கருத்தை முகத்தில் அடித்தாற்போல் மறுக்காமல் ‘ஐ ஆம் எ பிட் ரிலக்டன்ட் டு அக்ரீ’ என்று தொடங்கிக் காரணத்தைச் சொல்லலாம். பணிவும் உறுதியும் ஒன்றாக இருக்கும். காரணம் சொல்லாமல் நிறுத்தினால் மட்டும் அரைகுறையாகத் தொங்கும்.

பதினைந்தாம் நாள் செய்ய வேண்டியது இது. அட்டையைத் தள்ளி வையுங்கள். கைப்பேசியில் பதிவை ஓடவிட்டு, பாட்டியைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்லுங்கள்: அவர் ஹெஸிடன்ட், அவர் ரிலக்டன்ட், அவர் அன்வில்லிங், கடைசியில் ரிலக்டன்ட்லி லோரியில் ஏறினார். ஒவ்வொன்றுக்கும் ‘ஏனென்றால்’ என்று இன்னொரு வாக்கியம் சேருங்கள். மொத்தம் எட்டு. பதிவைத் திரும்பக் கேட்கும்போது ‘லக்’கில் அழுத்தம் விழுகிறதா, கடைசி ‘ட்’ கேட்கிறதா, எங்கேயாவது ‘நாட்’ நுழைந்துவிட்டதா என்று குறித்துக்கொள்ளுங்கள். எட்டும் சரி என்றால் அந்த அட்டையைப் பெட்டியில் போட்டு, மாதம் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். ஏதாவது ஒன்று இடறினால் நான்காம் நாள் வேலைக்குத் திரும்பி, இடறிய வாக்கியத்தை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.